பெறுநர் என்ற இடத்தில் ஒரு மனிதர்
'ஷி லவ்ஸ் மீ' இசை நாடகத்தின் வழியே ஒரு கடிதப் பாடம்

அனுப்புநர், பெறுநர், விளி, பொருள், இப்படிக்கு, உறைமேல் முகவரி. கடிதத்தின் உறுப்புகளை நம் மாணவர்கள் பெரும்பாலும் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். உரிய மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறார்கள். ஆனால் ஒரு வகுப்பின் விடைத்தாள்களை வரிசையாகத் திருத்தும்போது ஒன்று புலப்படும். நண்பனுக்கு எழுதிய கடிதத்தில் நண்பன் இருக்க மாட்டான். "நலம், நலமறிய ஆவல்" என்ற வரிக்குப் பிறகு, சுற்றுலா சென்றதைப் பற்றிய கட்டுரை ஒன்று கடிதம்போலச் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கும். அந்த நண்பனிடம் ஒரு கேள்வி இருக்காது. அவன் முன்பு சொன்ன எதையும் நினைவுகூரும் ஒரு சொல் இருக்காது. பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் அதை அனுப்பலாம்.

இந்தக் குறையை எப்படிக் களைவது என்று யோசித்தபோது எனக்குக் கைகொடுத்தது ஓர் இசை நாடகம். 1963இல் நியூயார்க் நகரின் பிராட்வே அரங்கில் மேடையேறிய 'ஷி லவ்ஸ் மீ'. 'அவள் என்னை நேசிக்கிறாள்' என்பது இதன் பொருள். ஒன்பதாம் வகுப்பில் கடிதப் பாடத்தை இந்த நாடகக் கதையை வைத்துத்தான் நடத்தி வருகிறேன். ஐந்து பாடவேளைகளும், அதன்பின் நான்கு வாரக் கடிதப் பரிமாற்றமும் கொண்ட அந்தப் பாடத்தை, நீங்களும் உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தும் வகையில் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நாடகம் பிறந்த கதை

இதன் மூலம் ஒரு ஹங்கேரிய நாடகம். மிக்லோஸ் லாஸ்லோ என்பவர் எழுதியது. வாசனைத் திரவியக் கடை என்று பொருள்படும் தலைப்போடு 1937இல் புடாபெஸ்ட் நகரில் மேடையேறியது. அடுத்த ஆண்டே லாஸ்லோ அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். ஐரோப்பாவில் போர் மேகம் சூழ்ந்துகொண்டிருந்த காலம் அது.

1940இல் எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் இந்தக் கதையை 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' என்ற பெயரில் திரைப்படமாக எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படம். ஜேம்ஸ் ஸ்டூவர்ட், மார்கரெட் சல்லவன் இருவரும் நடித்தனர். 1949இல் 'இன் தி குட் ஓல்ட் சம்மர்டைம்' என்ற இன்னொரு படம் வந்தது. கதை சிகாகோ நகரின் இசைக்கருவிக் கடைக்கு இடம் மாறியது. 1998இல் வந்த 'யூ ஹாவ் காட் மெயில்' படத்தில் காகிதக் கடிதம் மின்னஞ்சலாக மாறியது.

இவற்றுக்கு நடுவே, 1963 ஏப்ரலில் வந்ததுதான் நாம் பேசும் இசை நாடகம். வசனம் ஜோ மாஸ்டராஃப், பாடல் வரிகள் ஷெல்டன் ஹார்னிக், இசை ஜெர்ரி பாக், இயக்கம் ஹரால்டு பிரின்ஸ். பாக், ஹார்னிக் இணையர் அடுத்த ஆண்டு 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' நாடகத்தின் மூலம் உலகப் புகழ் பெற்றார்கள். 'ஷி லவ்ஸ் மீ' அந்த அளவுக்கு ஓடவில்லை. முந்நூறு காட்சிகளைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. பிரம்மாண்டமான அரங்கமைப்போ பெரும் நடனக் கூட்டமோ இல்லாத சிறிய நாடகம். ஆனாலும் 1993இலும் 2016இலும் பிராட்வே அரங்குக்கே மீண்டும் வந்தது. 2016 ஜூன் 30 அன்று இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பான முதல் பிராட்வே நாடகம் என்ற பெருமையும் பெற்றது.

ஒரு கதை எண்பது ஆண்டுகளாக நாடு மாறி, மொழி மாறி, கடை மாறி, கடிதம் மின்னஞ்சலாகவும் மாறித் தொடர்கிறது என்றால் அதன் நடுவில் மாறாத ஒன்று இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிப்பதையே மாணவர்களுக்கு முதல் கேள்வியாக வைக்கலாம்.

கதைச் சுருக்கம்

1930களின் புடாபெஸ்ட். மராச்செக் என்பவரின் வாசனைத் திரவியக் கடை. அங்கே ஜார்ஜ் தலைமை விற்பனையாளன். கூச்ச சுபாவம் உடையவன். செய்தித்தாள் விளம்பரம் மூலம் அறிமுகமான, பெயர் தெரியாத ஒரு பெண்ணுக்கு அவன் கடிதம் எழுதி வருகிறான். 'அன்புள்ள நண்பருக்கு' என்பதே இருவரும் பயன்படுத்தும் விளி. புத்தகம், இசை, வாழ்க்கை என்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார்கள். பெயரும் தொழிலும் மட்டும் சொல்லிக்கொள்வதில்லை.

ஒருநாள் அமாலியா என்ற பெண் கடைக்கு வேலை தேடி வருகிறாள். இடமில்லை என்கிறான் ஜார்ஜ். அப்போது கடையில், திறந்தால் இசைக்கும் சிகரெட் பெட்டி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அது விலைபோகாது என்பது ஜார்ஜின் கணிப்பு. விலைபோகும் என்பது முதலாளியின் நம்பிக்கை. அமாலியா அந்தப் பெட்டியைக் கையில் எடுத்து, மிட்டாய்ப் பெட்டி என்று சொல்லி ஒரு வாடிக்கையாளரிடம் விற்றுவிடுகிறாள். மிட்டாய் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் "போதும்" என்று இசை எச்சரிக்குமாம்! வேலை கிடைக்கிறது. அன்றிலிருந்து ஜார்ஜுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். தொட்டதற்கெல்லாம் வாக்குவாதம்.

அமாலியாவும் முகம் தெரியாத ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதி வருகிறாள். அந்த நண்பர் ஜார்ஜ்தான். பகலில் கடையில் சண்டையிடும் அதே இருவர், இரவில் கடிதத்தில் ஒருவருக்கொருவர் ஆறுதல். பார்வையாளர்களுக்கு இது தெரியும். அவர்கள் இருவருக்கும் தெரியாது.

முதன்முறையாகச் சந்திக்க நாள் குறிக்கிறார்கள். உணவகத்தில் டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' நாவலோடும் ஒரு ரோஜாவோடும் அவள் காத்திருக்க வேண்டும். அதே நாளில் கடையில் புயல் வீசுகிறது. மனைவியின் நடத்தை பற்றி ஒரு மொட்டைக்கடிதம் மராச்செக்குக்கு வந்திருக்கிறது. அவர் ஜார்ஜைச் சந்தேகிக்கிறார். ஜார்ஜ் வேலையை இழக்கிறான். உண்மையில் தவறு செய்தவன் கோடாய் என்ற வேறொரு ஊழியன் என்பது பிறகுதான் தெரிகிறது. மனமுடைந்த மராச்செக் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, காயத்தோடு பிழைக்கிறார்.

வேலை இழந்த நிலையில் அந்தப் பெண்ணைச் சந்திக்க ஜார்ஜுக்குத் துணிவில்லை. நண்பர் சிபோஸோடு உணவகத்துக்குச் செல்கிறான். சன்னல் வழியே பார்த்தால், ரோஜாவோடு உட்கார்ந்திருப்பவள் அமாலியா. உள்ளே செல்கிறான், தான் யார் என்று சொல்லவில்லை. வழக்கம்போல் சண்டை. அவள் கடுஞ்சொல் வீச, மனம் புண்பட்டு வெளியேறுகிறான். வராத நண்பருக்காக அவள் தனியே காத்திருக்கும்போது திரை விழுகிறது.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. ஜார்ஜ் வெனிலா ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்க வீட்டுக்குச் செல்கிறான். உன் நண்பரை நேற்று நான் பார்த்தேன், வயதானவர், வழுக்கைத் தலை, பருத்த உடல் என்று கதை கட்டுகிறான். அவன் போனதும் அமாலியா நண்பருக்குக் கடிதம் எழுத உட்காருகிறாள். எழுத எழுத, பேனா ஜார்ஜைப் பற்றியே எழுதுகிறது. கிறிஸ்துமஸ் முன்னிரவில், அவள் கடித வரிகளை அவனே சொல்லும்போது உண்மை வெளிப்படுகிறது.

கதையை வகுப்பில் சொல்லும்போது ஒரு குறிப்பு: மராச்செக் பகுதியை நான் "மனமுடைந்து மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்" என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். நம் பாடத்துக்கு அது போதும்.

இந்த நாடகம் கடிதம் பற்றிச் சொல்வது என்ன?

முதலாவது, எழுதுபவரின் குணத்தைப் பெறுநர் மாற்றுகிறார். கடையில் ஜார்ஜ் சிடுமூஞ்சி. கடிதத்தில் அவன் பொறுமையாகக் கேட்பவன், சிந்திப்பவன். இரண்டில் எது உண்மையான ஜார்ஜ் என்று மாணவர்களிடம் கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். இரண்டும் அவனே என்ற இடத்துக்கு விவாதத்தின் முடிவில் அவர்களே வருவார்கள். தன்னை மதிப்பவர், பொறுமையாகப் படிப்பவர் என்று ஒருவரை மனத்தில் வைத்து எழுதும்போது நம்மிடம் உள்ள நல்ல பகுதி முன்னே வருகிறது.

இரண்டாவது, எழுதுவது என்பது கண்டறிவதும்கூட. ஐஸ்கிரீம் காட்சியில் அமாலியா எதை எழுத நினைத்தாளோ அதை எழுதவில்லை. எழுதும்போதுதான் தன் மனத்தில் இருப்பது அவளுக்கே தெரிகிறது. முதல் வரைவு எழுதிப் பார்ப்பது ஏன் தேவை என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மூன்றாவது, கடிதம் நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். இந்த நாடகத்தில் இரண்டு வகைக் கடிதங்கள் உள்ளன. இரண்டிலும் எழுதியவர் பெயர் இல்லை. ஒன்று இரண்டு மனிதர்களை இணைக்கிறது. மற்றொன்று, மொட்டைக்கடிதம், ஒரு குடும்பத்தையும் ஒருவனின் வேலையையும் ஒரே நாளில் குலைக்கிறது. அதில் எழுதப்பட்ட செய்தி பொய்யன்று; ஆனால் அது ஒரு நிரபராதியின் மேல் போய் விழுகிறது. பெயரில்லாமல் எழுதும்போது பொறுப்பு கூடுகிறதா, குறைகிறதா என்ற கேள்வி, கைப்பேசி வைத்திருக்கும் இன்றைய மாணவனுக்கு மிக நெருக்கமானது.

வகுப்பறையில்: ஐந்து பாடவேளைகள்

முதல் பாடவேளை: கதை சொல்லல்

பாட்டும் வசனமும் கலந்த நாடகம் நம் மாணவர்களுக்குப் புதியதன்று. ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' நாடகங்களையும், அவற்றை வடிவமைத்த சங்கரதாஸ் சுவாமிகளையும் நினைவூட்டித் தொடங்குகிறேன். ஆர்மோனியப் பெட்டிக்குப் பதில் அங்கே இசைக்குழு மேடைக்குக் கீழே இருக்கும் என்று சொன்னால் காட்சி அவர்களுக்குப் புரிந்துவிடும். பிறகு கதையை உணவகச் சன்னல் வரை சொல்லி நிறுத்திவிடுகிறேன். "ஜார்ஜ் உள்ளே போவானா, திரும்பிவிடுவானா? ஏன்?" இதுதான் அன்றைய வீட்டுப்பாடம். ஐந்து வரி போதும்.

சிலர் 1996இல் அகத்தியன் இயக்கிய 'காதல் கோட்டை' படத்தை நினைவுகூர்வார்கள். தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். ஒருவரையொருவர் பார்க்காமலே கடிதம் வழியே நேசிக்கும் கதை என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. அங்கே ஊட்டிக்கும் ஜெய்ப்பூருக்கும் இடையே உள்ள தொலைவு பிரிக்கிறது. இங்கே ஒரே கடைக்குள் நிற்பவர்களைப் பிரிப்பது எது? இந்த ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டால் போதும்.

இரண்டாம் பாடவேளை: ஒரே நாள், இரண்டு கடிதங்கள்

அமாலியா வேலைக்குச் சேர்ந்த நாள். அன்றிரவு ஜார்ஜும் அமாலியாவும் தத்தம் நண்பருக்கு எழுதும் கடிதத்தை மாணவர்கள் எழுத வேண்டும். வகுப்பின் ஒரு பாதி ஜார்ஜ், மறுபாதி அமாலியா. ஒரே நிபந்தனைதான். பெயரோ கடையோ சொல்லக்கூடாது. அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு ஜார்ஜும் ஓர் அமாலியாவும் அடுத்தடுத்து வாசிப்பார்கள். "இன்று ஒரு திமிர் பிடித்தவளைப் பார்த்தேன்" என்று ஒருவர் படிக்க, "இன்று ஒரு முசுடனிடம் மாட்டிக்கொண்டேன்" என்று மற்றவர் படிக்க, வகுப்பு சிரிப்பில் அதிரும். பார்வையாளருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பதால் பிறக்கும் நாடகச் சுவையை விளக்க உரிய நேரம் அதுதான்.

சிகரெட் பெட்டியையும் இங்கே நினைவூட்டலாம். பெட்டி ஒன்றே. ஜார்ஜ் அந்தப் பெட்டியைப் பார்த்தான். அமாலியா எதிரே நின்ற வாடிக்கையாளரைப் பார்த்தாள். கடிதம் எழுதும்போது நாம் எதைப் பார்க்கிறோம் என்று கேளுங்கள்.

மூன்றாம் பாடவேளை: கடை ஓசை

இந்த நாடகத்தில் ஓர் அருமையான பகுதி உண்டு. மூன்று விற்பனையாளர்கள் மூன்று வாடிக்கையாளர்களிடம் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒருவர் பேச்சின் துண்டு மற்றவர் பேச்சோடு ஒட்டிக்கொண்டு, யாரும் சொல்லாத வேடிக்கையான வாக்கியங்கள் உருவாகும். இதைப் பேசுதல் பயிற்சியாக மாற்றினேன். ஆறு பேர் கொண்ட குழு. மளிகைக்கடை, மருந்துக்கடை, துணிக்கடை என்று மூன்று இணைகள். ஒவ்வோர் இணையும் நான்கு வரி உரையாடல் எழுதும். பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் ஒரு வரியாகப் பேச வேண்டும். "இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம்..." "அக்காவுக்குப் பார்டர் வெச்சது பிடிக்கும்..." "கால் கிலோ போடுங்க." சத்தமாக வாசிக்கத் தயங்குபவர்கள்கூட இதில் பேசிவிடுகிறார்கள். நிறுத்தக்குறிகள் இல்லாவிட்டால் பொருள் எப்படி மாறும் என்பதும் தானாகப் புரிகிறது.

நான்காம் பாடவேளை: ஜார்ஜ் செய்தது சரியா?

உணவகச் சன்னலுக்குப் பிறகு ஜார்ஜுக்கு உண்மை தெரியும். அமாலியாவுக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல், வயதான வழுக்கைத் தலை மனிதர் என்று கதையும் கட்டுகிறான். இது விளையாட்டா, ஏமாற்றா? முதலில் பெரும்பாலோர் "நல்ல எண்ணத்தோடுதானே செய்தான்" என்பார்கள். கடந்த ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "அவனுக்கு எல்லாம் தெரியும். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அப்படின்னா அவ பேசுறது யார்கிட்டன்னு அவளுக்கே தெரியாதே, ஐயா" என்றாள். அதற்குப் பிறகு விவாதத்தின் போக்கே மாறியது.

ஆசிரியர் இங்கே தீர்ப்பு சொல்லத் தேவையில்லை. ஆனால் இணையத்துக்குப் பேச்சைத் திருப்ப வேண்டிய இடம் இதுவே. ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. நம்மைப் பற்றி அவருக்கு நிறையத் தெரிந்து, அவரைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாமல் இருந்தால் அது சமமான நட்பு அன்று. கதையில் ஜார்ஜ் நல்லவன். நாடக ஆசிரியர் அப்படி எழுதியிருக்கிறார். வெளியே அந்த உத்தரவாதம் கிடையாது. முகம் தெரியாதவர் படம் கேட்டாலோ, தனியே சந்திக்க அழைத்தாலோ, வீட்டில் சொல்லாதே என்றாலோ உடனே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வி உதவி எண் 14417, இணையக் குற்றப் புகார் எண் 1930 மூன்றையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுத வைக்கிறேன்.

ஐந்தாம் பாடவேளை: பெறுநரைத் தேடுதல்

மாணவர்கள் முன்பு எழுதிய பழைய கடிதம் ஒன்றை எடுத்து, அதில் பெறுநரைப் பற்றிய சொற்களை மட்டும் அடிக்கோடிட வேண்டும். அவரிடம் கேட்ட கேள்வி, அவர் சொன்னதற்குப் பதில், அவருக்கு மட்டுமே புரியும் குறிப்பு, இவ்வளவுதான். பலருக்குக் கோடு போட இடமே இருக்காது. நாம் சொல்ல வேண்டியதை அந்த வெறும் தாள் சொல்லிவிடும். பிறகு அதே கடிதத்தைத் திருத்தி எழுதச் சொல்கிறேன்.

நான்கு வாரம்: 'அன்புள்ள நண்பருக்கு'

இனி, ஒன்பதாம் வகுப்பின் இரு பிரிவுகளுக்கிடையே கடிதப் பரிமாற்றம். தலைமை ஆசிரியரின் ஒப்புதலையும், பெற்றோர் கூட்டத்தில் பெற்றோரின் சம்மதத்தையும் முன்கூட்டியே பெற்றுக்கொண்டேன். ஒவ்வொருவருக்கும் ஒரு மரத்தின் பெயர் புனைபெயர். யார் எந்த மரம் என்பது என் பதிவேட்டில் மட்டும் இருக்கும். மாணவருக்கு மாணவர், மாணவிக்கு மாணவி என இணைத்தேன். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டி அஞ்சல்பெட்டி. வெள்ளிதோறும் கடிதம் எடுக்கப்படும், திங்களன்று பட்டுவாடா. எல்லாக் கடிதங்களையும் நான் படிப்பேன் என்பதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். எண், முகவரி, படம் எழுதக்கூடாது. கேலி கூடாது. ஒவ்வொரு கடிதத்திலும் குறைந்தது ஒரு கேள்வி, முந்தைய கடிதத்துக்கு ஒரு பதில் இருக்க வேண்டும்.

முதல் வாரக் கடிதங்கள் விடைத்தாள் போலவே இருந்தன. இரண்டாம் வாரம் மாற்றம் தெரிந்தது. காரணம் எளிது. பதில் வந்திருந்தது. நாம் எழுதியதை ஒருவர் உண்மையிலேயே படித்திருக்கிறார் என்று தெரிந்ததும் மாணவர்கள் எழுதிய கடிதத்தின் நீளமும் கூடியது, எழுத்தும் திருந்தியது. ஒற்றுப்பிழையைச் சுட்டிக்காட்டினால் கவலைப்படாத ஒருவன், "என் ஃபிரண்டுக்குப் புரியலைன்னு எழுதியிருக்கான் ஐயா" என்று தானாக வந்து சந்தேகம் கேட்டான்.

கபடிப் போட்டி ஒன்றில் தொடங்கிய சண்டையால் மாதக்கணக்கில் பேசிக்கொள்ளாமல் இருந்த இருவரை வேண்டுமென்றே இணைத்திருந்தேன். வேம்பு, புங்கை. வேம்பு தன் வீட்டு ஆடு குட்டி போடப்போவதை எழுதினான். புங்கை ஒவ்வொரு வாரமும் ஆட்டை விசாரித்தான். மூன்றாம் கடிதத்தில் குட்டி பிறந்திருந்தது. நான்காவதில் புங்கை அதற்கு ஒரு பெயரும் வைத்து அனுப்பியிருந்தான். கடைசி நாள், வேப்பமரத்தடியில் இரு பிரிவுகளும் கூடி, ஒவ்வொருவரும் தமக்கு வந்த கடிதத்தில் பிடித்த ஒரு வரியை வாசிக்க, எழுதியவர் எழுந்து நிற்க வேண்டும். வேம்பு வாசித்தான்; புங்கை எழுந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சற்று நேரம் நின்றார்கள். பிறகு புங்கை, "குட்டி பால் குடிக்குதாடா?" என்றான். அவர்கள் உயிர் நண்பர்களாகிவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பேசத் தொடங்கினார்கள். அதுவரை நான் கூப்பிட்டு அறிவுரை சொன்னது எதுவும் இதைச் செய்யவில்லை.

சண்டையிட்டவர்களை இணைப்பது எல்லா வகுப்புக்கும் பொருந்தாது. மிரட்டல், சாதிப் பெயர் சொல்லித் திட்டுதல் போன்றவை நடந்த இடத்தில் இந்த முறையைக் கையாளக்கூடாது. அங்கே முதலில் பாதிக்கப்பட்ட மாணவனின் பாதுகாப்பைத்தான் கவனிக்க வேண்டும்.

காதல் என்ற சொல்

காதல் கதையை வகுப்பில் சொல்லலாமா என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அந்தச் சொல் வந்ததும் சிரிப்பலை எழும். எழட்டும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். இந்த நாடகத்தில் காதல், மற்றவர் சொல்வதைக் கவனிப்பதில் தொடங்குகிறது. அழகைப் பார்த்தோ பின்தொடர்ந்தோ வந்ததன்று. ஒரு பெண் வேலை தேடி வருகிறாள், திறமையால் வேலை பெறுகிறாள், சமமாக நின்று வாதிடுகிறாள். அவளுடைய மறுப்பும் கோபமும் கதையில் மதிக்கப்படுகின்றன. பதின்பருவ மாணவர்கள் திரையில் காணும் பல கதைகளில் இது அரிது. நாம் பேசாமல் விட்டால் அவர்கள் வேறு எங்கிருந்தோ கற்றுக்கொள்வார்கள்.

நாடகத்தில் இலோனா என்ற துணைப்பாத்திரம் பற்றியும் சொல்லுங்கள். கோடாயால் ஏமாற்றப்பட்டவள். புத்தகம் படித்துப் பழக்கமில்லாத அவள் துணிந்து நூலகத்துக்குப் போகிறாள். நூல்களைக் கண்டு மிரண்டு நிற்கும்போது, கண் பரிசோதனை செய்யும் ஓர் எளிய மனிதர் உதவுகிறார். அவள் வாழ்க்கை அங்கே திரும்புகிறது. நூலகத்துக்குப் போனது பற்றி மேடையில் ஒரு முழுப் பாடலே உண்டு என்று சொன்னால், நம் பள்ளி நூலக வகுப்புக்கும் அது ஒரு நல்ல தொடக்கம்.

மதிப்பீடு

பத்து மதிப்பெண்ணை நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். கடித உறுப்புகள் 3. பெறுநரைப் பற்றிய கேள்வி, பதில், அக்கறை 3. கண்ணால் கண்ட, காதால் கேட்ட குறிப்பான செய்தி 2. மொழிநடையும் பிழையின்மையும் 2. இந்தப் பகுப்பை முன்கூட்டியே மாணவர்களிடம் தந்து, ஒருவர் கடிதத்தை மற்றொருவர் மதிப்பிடச் செய்யலாம். அலுவலகக் கடிதத்துக்கும் இது பொருந்தும். தெருவிளக்கு வேண்டி ஊராட்சிக்கு எழுதும்போது, அந்த விண்ணப்பத்தைப் படிக்கும் அலுவலருக்கு எந்தத் தெரு, எந்தக் கம்பம், எத்தனை நாளாக எரியவில்லை என்ற விவரம் தேவை. அவரை நினைத்து எழுதினால் அது தானாக வந்துவிடும்.

தொடக்க வகுப்புகளுக்கு

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நாடகக் கதை தேவையில்லை. அதன் கருத்து போதும். சத்துணவு சமைக்கும் அக்காவுக்கும், பள்ளியைத் துப்புரவு செய்பவருக்கும், பேருந்து நடத்துநருக்கும் குழந்தைகள் இரண்டு வரியும் ஒரு படமுமாகக் கடிதம் தரலாம். "உங்களுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று ஒரு குழந்தை கேட்டு, அதற்கு அவர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பதில் சொன்னால், கடிதம் என்பது பதில் வரும் ஒன்று என்பது அந்த வயதிலேயே பதிந்துவிடும். எழுதத் தெரியாத குழந்தை சொல்லச் சொல்ல, மேல்வகுப்பு மாணவர் எழுதித் தரலாம்.

இந்தப் பாடத்தை நடத்த நாடகப் பிரதியோ பாடல் பதிவோ கட்டாயமில்லை. கதையைச் சொல்ல ஓர் ஆசிரியர், ஓர் அட்டைப்பெட்டி, கொஞ்சம் வெள்ளைத்தாள் போதும். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் 1940ஆம் ஆண்டுப் படத்தின் உணவகக் காட்சியை மட்டும் காட்டலாம். அடுத்த முறை "நண்பனுக்குக் கடிதம் எழுதுக" என்று கரும்பலகையில் எழுதும்போது, எந்த நண்பனுக்கு என்பதை முதலில் கேளுங்கள். அவனுக்கு என்ன பிடிக்கும், அவன் கடைசியாக உன்னிடம் என்ன சொன்னான் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொன்ன பிறகு மாணவன் பேனாவை எடுக்கட்டும்.